நாற்பது இடது கைகள்

ரசஞ்சோற்றை உருண்டை பிடிக்க முடியாது, ஐயா. பருப்புச் சோற்றைப் பிடிக்கலாம். தயிர்ச் சோற்றைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்தால் பிடிக்கலாம். ரசத்துக்கு மட்டும் நான்கு விரலையும் குவித்து, வாய்க்கு நேராகக் கொண்டுபோய், கட்டைவிரலால் தள்ளிவிட வேண்டும். சிந்தாமல் தள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருடத்தில் என் சம்சாரம் சின்னத்தாயியின் சேலையில் ஒரு பருக்கை விழுந்ததில்லை. எங்கள் லைன் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏட்டையா எழுதுவதற்குத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் மாரப்பன். வயது ஐம்பத்தொன்று. சிங்காநல்லூரில் இப்போது மூடிக்கிடக்கிற மில்லில் பிட்டர். கார்டிங் என்று சொல்வார்கள், பஞ்சைச் சீவுகிற பகுதி, அங்கே இருபத்தாறு வருடம். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை, உடம்பெல்லாம் கம்பிப்பல். பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொரு உருளை. இரண்டும் சுற்றும்போது நடுவில் பஞ்சு சீவப்பட்டுச் சல்லாத்துணி மாதிரி வரும். நடுவில் பஞ்சைத் தவிர வேறு எது போனாலும் அதுவும் சீவப்படும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. எழுதி ஒட்டியதெல்லாம் இல்லை. மெஷினுக்குள் யாராவது கை வைக்க வேண்டுமென்றால், பிட்டர், கரண்டு போர்டிலிருந்து மூன்று ஃபீஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், கரைந்த சோப்புத் துண்டு அளவு இருக்கும். அது பையில் இருக்கிற வரைக்கும் மெஷினுக்குக் கரண்டு கிடையாது. கை வைக்கிறவர் பிட்டரின் முகத்தைப் பார்க்க மாட்டார், பையைப் பார்ப்பார். பை தொங்க வேண்டும். நடந்தால் மூன்றும் உரசிச் சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் கையை உள்ளே விட்டோம்.

சின்னத்தாயியும் அந்த மில்லில்தான் இருந்தாள். கார்டிங்கில் கூட்டிப் பெருக்குவது, உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சைப் பிய்த்து எடுப்பது அவள் வேலை. எண்பத்து நாலில், தீபாவளி கழிந்து பத்து நாளில், ஏழாம் நம்பர் மெஷினில் அவளுக்கு வலது கை போனது. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை விட்டு டாக்டர் எடுத்துவிட்டார். அப்போது அவள் தையல் பழகியிருந்தாள். திருப்பூரில் அவள் அக்கா பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். சின்னத்தாயியும் போய் வாரத்துக்கு ஆறு நாள் அக்கா வீட்டில் தங்கி வேலை செய்வதாகப் பேச்சு. அடுத்த திங்கட்கிழமை கிளம்ப வேண்டியவள்.

விசாரணையில் நான் சொன்னது இன்றைக்கும் மில் ஃபைலில் இருக்கும். அவள் வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னாள், நான் ஃபீஸ் போட்டேன், மிச்சமிருந்த ஒரு பிசிறைக் கண்டு அவசரத்தில் மறுபடி கையை விட்டுவிட்டாள். எல்லோரும் நம்பினார்கள். சின்னத்தாயி மட்டும் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "உங்க பையில சத்தம் கேட்டுதுங்களே. கேட்டுட்டுத்தான உட்டேன்" என்றாள்.

"மயக்கத்துல என்னென்னமோ தோணும் புள்ள. தூங்கு" என்றேன்.

ரொம்ப நாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

நான் ஒருநாளும் அவளை அடித்ததில்லை, ஐயா. எங்கள் வரிசையில் பதினான்கு வீடு. பதின்மூன்று வீட்டில் அடி விழும். நான் அவளுக்குத் தலை வாரி ஜடை பின்னிவிட்டேன். கொசுவம் பிடித்துச் சேலை கட்டிவிட்டேன். சோறு ஊட்டினேன். இடது கை இருந்தது, அதில் சாப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது கழுவுகிற கை. அதால் சோறு தின்றால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஆரம்பத்தில் ஒருதரம் இடது கையைத் தட்டில் வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அப்புறம் அவள் அந்தக் கையை வைக்கவில்லை. மூன்று வேளையும் நான் வருகிற வரைக்கும் காத்திருப்பாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தாலும் காத்திருப்பாள். புருஷன் என்றால் மாரப்பன் மாதிரி இருக்க வேண்டும் என்று வரிசையில் பெண்கள் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

தொண்ணூற்று மூன்றில் மில்லை மூடினார்கள். என்னை மட்டும் காவலுக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளவும் வைத்திருந்தார்கள். முதலாளியின் இளைய மகன் வெங்கடபதி வடக்கே போய்ச் சிற்பம் படித்தவர். எல்லோரும் கல்லிலும் வெண்கலத்திலும் செய்வதை இவர் மெஷினில் செய்கிறவர். மெஷின்களைப் பழைய இரும்புக்கு எடை போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்து, ஏழாம் நம்பரை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னார். எதற்கு அது என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஒரு கதை இருக்குதுங்களே மாரப்பண்ணா" என்றார்.

மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க இடது கையை ஒரு மணி நேரம் எனக்குக் குடுக்கோணும். அச்சு எடுத்துக்கறேன்."

"இருக்கறதே ஒண்ணுதானுங்க சாமி. பத்தரமாத் திருப்பிக் குடுத்துருவீங்களா?" என்று சின்னத்தாயி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகமில்லை.

அச்சு எடுத்து, அலுமினியத்தில் வார்த்தார். ஒன்றல்ல, நாற்பது. விரல் ரேகை, தையல் ஊசி குத்திய பழைய தழும்பு, நகத்தில் இருந்த வெடிப்பு வரைக்கும் நாற்பதிலும் அப்படியே இருந்தது. அவற்றைச் சின்ன உருளையைச் சுற்றி வரிசையாகப் பொருத்தினோம். மோட்டாருக்குப் பெரிய கியர் வைத்து, ஒரு சுற்றுக்குப் பதினாறு விநாடி ஆகும்படி வேகத்தைக் குறைத்தேன். பக்கத்து இரும்புத் தகட்டை வெட்டிவிட்டுக் கண்ணாடி போட்டோம். ஒரு ஸ்டூலும் காலால் மிதிக்கிற சுவிட்சும். சின்னத்தாயி உட்கார்ந்து மிதித்தால் பெரிய உருளை பஞ்சோடு திரும்பும். கைகள் ஒவ்வொன்றாகக் கீழேயிருந்து எழுந்து, விரல் நுனியால் பஞ்சை வழித்துக்கொண்டு மறுபக்கம் இறங்கும். விரலுக்கும் கம்பிப்பல்லுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. அதை வைத்தது நான். நாற்பது கைக்கும் ஒன்றுபோல வைப்பது லேசான காரியமில்லை. வெங்கடபதி தட்டிக்கொடுத்தார்.

மில்லிலேயே மூன்று நாள் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள், பேப்பர்காரர்கள் வந்தார்கள். பழைய ஆட்களும் வந்தார்கள். கார்டிங்கில் என்னோடு இருந்த சின்னான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனப்பா மாரப்பா, நாப்பது கையி வெச்சும் ஒரு முழம் நூலு வர்லியே. இதுகளும் ஸ்ட்ரைக்கா?" என்றார்.

"டீ குடிக்க உடலீங்கண்ணா, அதான்" என்றாள் சின்னத்தாயி, காலை எடுக்காமல்.

கூட்டமே சிரித்தது. என்னைத் தவிர யாரும் அந்தக் கையைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் சோற்றில் படாமல் முந்தானைக்குள் வைத்திருந்த இடது கை. அதை நாற்பதாக்கி, ஊரார் முன்னால் ஆட்டிக்காட்டுகிறார்கள். அவளும் மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

பேப்பரில் அவள் படம் வந்தது. அதை வெட்டிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஒற்றைக் கையால் பசை தடவி, சுவரில் முழங்கையால் அழுத்தி ஒட்டினாள். என்னைக் கூப்பிடவில்லை. காலையில் நான் ஜடை பின்னும்போது, சீக்கிரம் சீக்கிரம் என்பாள். ஒருநாள் நான் எழுந்திருக்கும் முன்பே கொண்டை போட்டிருந்தாள். கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றது.

பிறகு அந்தக் கரண்டி. ஒருநாள் பதினொரு மணிக்கு மெஷினுக்குக் கிரீஸ் போடப் போகிறேன். சின்னத்தாயி ஸ்டூலில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மடியில் தட்டு, இடது கையில் எவர்சில்வர் கரண்டி. வெங்கடபதி எதிரில் நின்று டீ குடிக்கிறார்.

"நல்லா வருதுங்க. ஒரு பருக்கை சிந்தல பாருங்க" என்றாள் என்னைப் பார்த்து.

"எடது கையில சோறு திங்கறதா புள்ள?"

"எந்தக் கையில எடுத்தா என்னங்க. போறது வாயிக்குத்தான?"

வெங்கடபதி சிரித்தார். நானும் சிரித்தேன். சேலையைப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு பருக்கை இல்லை.

அந்தச் சிற்பத்தைத் தில்லிக்குக் கொண்டுபோவதாக முடிவானது. ஆறு மாதம் அங்கே ஒரு பெரிய மண்டபத்தில் வைப்பார்களாம். மிதிப்பதற்குச் சின்னத்தாயி வர வேண்டும். என்னையும்தான் கூப்பிட்டார். மறைக்க ஒன்றுமில்லை. "நீங்க இல்லாம மெஷினை யாரு பாக்கறது? ரெண்டு பேரும் வாங்க" என்றார். மில்லைக் காவல் காக்க ஆள் வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் சின்னத்தாயியும் வர மாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அப்ப நான் போயிட்டு வாரேனுங்க. அடுப்புச் சாம்பலை மட்டும் மறக்காம அள்ளிப்போடுங்க" என்றாள்.

பக்கத்து வீட்டுச் சாந்தாமணி தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "ஏனுங்கண்ணா, ஊட்டுக்காரி தில்லிக்குப் போறாளாமா? இனி நீங்க யாருக்குச் சோறு ஊட்டுவீங்க, எங்கூட்டுப் பூனைக்கா?"

தமாஷுக்குத்தான் கேட்டாள். நல்ல பெண். ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வரைக்கும் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். யாருக்கு? எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிட்டர் வேலை போய்விட்டது. காது பாதி போய்விட்டது. நெஞ்சில் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் எனக்காக ஒரு வாய் திறந்து காத்திருக்கும் என்பது ஒன்றுதான் இருந்தது.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் அவள் பையை எடுத்து வைத்தாள். இரண்டு சேலை, ஒரு சால்வை, ஒரு துணியில் சுற்றி அந்தக் கரண்டி. பையை நான் திறந்து பார்த்தேன். கரண்டியைத் திரும்பவும் அப்படியே சுற்றி வைத்துவிட்டேன். தூக்கிப்போட்டிருந்தால் வேறு வாங்கிக்கொள்வாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. மெஷினைப் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் முன் பஞ்சையெல்லாம் சுத்தமாக எடுக்க வேண்டும் என்று வெங்கடபதி சொல்லியிருந்தார். அவர் லாரி பேச உக்கடத்துக்குப் போயிருந்தார். கைகளுக்கு நடுவில் சிக்கிய பஞ்சைச் சின்னத்தாயிதான் எடுப்பாள். அதில் வேறு யார் கையும் நுழையாது, அவள் கைக்கு அவள் கை இடம் கொடுக்கும். நான் போர்டிலிருந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கினேன். பையில் போடப் போனேன்.

"ஏனுங்க, இன்னிக்கு அந்தப் பீஸை எங்கிட்டக் குடுங்க."

"எதுக்கு?"

"சும்மாதானுங்க. தில்லில எப்படியும் நாந்தான வெச்சிருக்கோணும். பழகிக்கறேன்."

அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கொடுத்தேன். ஒவ்வொன்றாக வாங்கி முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒருதரம் குலுக்கிப் பார்த்தாள். சத்தம் வந்தது. அப்புறம்தான் குனிந்தாள்.

அப்போதே அந்த எண்ணத்தை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் லாரி மறுநாள் வருகிறது. அது ஒன்று. இன்னொன்று, ஃபீஸை அவள் வாங்கி வைத்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் பையை யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

போர்டு தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. என் டூல் பெட்டியில் வேறு மூன்று கட்டைகள் இருந்தன. எடுத்துப் போட்டேன். மிதி சுவிட்ச் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதற்காக நான் வைத்த பச்சைப் பொத்தான் ஒன்று அங்கே உண்டு. அதை அழுத்தினேன். விரல்கள் மட்டும் என்பதுதான் என் கணக்கு. அதற்கு ஐந்து விநாடி போதும்.

மெதுவாகச் சுற்றுகிற மெஷினை இழுத்து நிறுத்த முடியாது, ஐயா. வேகத்தைக் குறைக்கக் குறைக்கப் பலம் கூடும். வேகமாக ஓடும் மெஷின் கையைத் தட்டிவிட்டாலும் விடும். இது விடாது.

அவள் கூப்பாடு போடவில்லை. பேச ஆரம்பித்தாள்.

"ஏனுங்க... ஏனுங்க, பீஸு எங்கிட்டத்தானுங்க இருக்குது. எங்கிட்டத்தானுங்க இருக்குது..."

கரண்டு ஆபீசில் தப்பான பில்லைக் காட்டிச் சொல்வோமே, அந்த மாதிரிக் குரல். கோபமில்லை. எங்கேயோ ஒரு தவறு நடந்திருக்கிறது, எடுத்துச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்கிற மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் ஐந்து, பன்னிரண்டாகிவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். தடுப்பைச் சுற்றி ஓடினேன். நாற்பது கைகளும் நின்றிருந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எது அவளுடையது என்று சட்டென்று தெரிந்தது. அது ஒன்றுதான் வேறு நிறம்.

ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போகும்போது என் மடியில்தான் அவள் தலை. இடுப்பிலிருந்த முடிச்சை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு நினைவிருந்தது. போர்டில் மூன்று, இடுப்பில் மூன்று என்றால் யாராவது கேட்பார்கள். கையை நீட்டினேன். அவள் வலது கை மொட்டையை இடுப்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். நினைவு பாதிதான் இருந்தது. ஆனாலும் எடுக்கவிடவில்லை. சிங்காநல்லூரிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள். வலியில் செய்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

சேலை மாற்றிய நர்ஸ்தான் கட்டைகளை எடுத்து மேசை மேல் வைத்தது. அதற்குள் நீங்கள் வெங்கடபதியை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தீர்கள், மெஷின் அவருடையது என்று. இரண்டு நாள் அவர் உட்கார்ந்திருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கண்காட்சி வேண்டாம் என்று அவர் தன் வாயாலேயே சொல்லட்டும் என்றிருந்தேன். சொல்லிவிட்டாராம். பிறகு நீங்கள் மில்லுக்குப் போய்ப் போர்டைப் பார்த்தீர்கள். என்னைக் கூப்பிட்டீர்கள். இடுப்பில் மூன்று இருக்கும்போது போர்டில் இருப்பது யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையது என்றேன். எதையும் மறுக்கவில்லை.

அந்த மூன்றையும் எங்கே, எப்போது வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். அதுவும் எழுதிக்கொள்ளுங்கள். அவை புதிதல்ல. எண்பத்து நாலு தீபாவளிக்கு மறுவாரம் மில் ஸ்டோரிலிருந்து எடுத்தவை. அப்போது அவள் கேட்ட சத்தம் மயக்கத்தில் கேட்டதல்ல. என் பையில் மூன்றும் இருந்தன, அவள் சரியாகத்தான் கேட்டாள். திருப்பூர் போனால் திரும்பி வர மாட்டாள் என்று எனக்குப் பட்டது. போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். அடிக்க எனக்கு மனம் வராது. நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

கேஸை முடித்துக்கொள்ள இது போதும் என்று நினைக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரு சமாசாரம்தான் தெரிய வேண்டும்.

என்னை அழைத்து வருவதற்கு முந்தைய நாள், ஆஸ்பத்திரியில் அவளுக்கு இட்லியைப் பாலில் பிசைந்து கொண்டுபோனேன். இடது கை முழுக்கக் கட்டுக்குள் இருந்தது. வாய்க்கு நேராகக் கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மருந்து நாக்கைக் கசக்கச் செய்யும் என்று நர்ஸ் சொன்னாள், அதனால்தான். கால் மணி நேரம் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். பால் முழங்கை வரைக்கும் வழிந்துவிட்டது.

இப்போது சாந்தாமணி ஊட்டுகிறாளாம், அவள் சாப்பிடுகிறாளாம். ஏட்டையாதான் சொன்னார். சாந்தாமணி உருண்டையைப் பெரிதாகப் பிடிப்பாள், அவள் வீட்டில் எல்லோரும் ஆண் பிள்ளைகள். சின்னத்தாயிக்கு நெல்லிக்காய் அளவுதான் இறங்கும். நடுவில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதை யாராவது அவளிடம் போய்ச் சொல்லிவிட்டால் போதும். எத்தனை வருடம் போட்டாலும் சரி, ஐயா, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். இனி அவள் எங்கே போய்விடப் போகிறாள்?